கோச் இல்லாத கூட்டணி

இரவு ஷிப்ட் முடிந்ததும் டெனீஸ் வீட்டுக்குப் போகவில்லை. ஆலைத் தலைக்கவசத்தைக் கழற்றிக் காரின் பின்சீட்டில் எறிந்துவிட்டு, ரோபோப் போட்டி நடக்கிற பள்ளிக்கூடத்துக்கு நேரே வண்டியை விட்டாள். சாகினா வளைகுடாவிலிருந்து வந்த காற்றில் மழையென்றும் சொல்ல முடியாத, பனியென்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று கண்ணாடியில் விழுந்து வழுக்கிக்கொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த பீட்ரூட் வயல்கள் சேறாய்க் கிடந்தன.

அவள் மேலெல்லாம் ஆலை வாடை. சர்க்கரை பீட்ரூட்டைச் சீவிச் சாறெடுத்துக் காய்ச்சுகிற ஆலை அது. செப்டம்பரில் உடம்பில் ஏறுகிற வாடை, வெளியே மலையாய்க் குவிந்திருக்கும் கிழங்கு தீர்ந்த பிறகுதான் இறங்கும். எத்தனை சோப்பு போட்டாலும் அது பாட்டுக்கு இருக்கும். கட்டிலில் பக்கத்தில் பாகுப் பீப்பாய் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் புருஷன் ரஸ் வருஷா வருஷம் கிண்டல் பண்ணுவான். இந்த ஜனவரியில் அந்தப் பீப்பாயை விட்டுவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெலனி வீட்டுக்குக் குடிபோய்விட்டான். மெலனியின் மேல் எந்த வாடையும் வராதாம். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் மேல் என்ன வாடை வரும்!

புருஷன் போனதைக்கூட டெனீஸ் எப்படியோ செரித்துக்கொண்டிருப்பாள். ஊரில் போகாத புருஷனா? ஆனால் அவன் போன நேரம் இருக்கிறதே, அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. ஜனவரி முதல் சனிக்கிழமை இந்த வருஷத்து ஆட்டம் என்ன என்று அறிவிப்பார்கள். அன்றிலிருந்து சில வாரங்களுக்குள் ரோபோவைக் கட்டி முடிக்க வேண்டும். ரஸ் மகள் டெஸ்ஸாவின் பள்ளி அணிக்குக் கோச். கிழங்குப் படை என்று அணிக்குப் பெயர். அறிவிப்பு வந்து அலுமினியத்தைப் பாதி அறுத்துப் போட்டிருந்த சமயத்தில் அவன் போனான். போகிறவன் சும்மா போனானா? பட்டறையில் வைத்திருந்த தன் கடைசல் இயந்திரத்தை லாரியில் ஏற்றினான். கம்பியில் தொற்றி ஏறுகிற கொக்கிக்கு டெனீஸின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்த படத்தைச் சுருட்டினான். மெலனியின் மகன் ட்ரெவர் படிக்கிற பள்ளியில் இரும்பு நாரைகள் என்ற அணிக்குக் கோச்சாகச் சேர்ந்துகொண்டான். பதினொரு பிள்ளைகள் பட்டறை நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

அதனால் இன்றைக்கு டெனீஸுக்கு ஒரே ஒரு ஆசைதான். பிற்பகலில் கூட்டணித் தேர்வு நடக்கும். முதல் எட்டு இடத்துக்கு வந்த அணிகளின் தலைவர்கள் மைதானத்தில் இறங்கி, ஒலிபெருக்கியில் ஆளுக்கு இரண்டு துணை அணிகளைக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்படாத அணிகள் மூட்டை கட்ட வேண்டியதுதான். கிழங்குப் படை இரண்டாம் இடத்தில் இருந்தது. டெஸ்ஸாதான் தலைவி. இரும்பு நாரைகள் முப்பதுக்குப் பக்கத்தில் எங்கேயோ கிடந்தார்கள். ஊர் பார்க்க, ஒருத்தரும் சீந்தாமல், ரஸ் அங்கே நிற்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போய்த் தூங்குவது என்று டெனீஸ் வந்திருந்தாள். நாரைகளை எடுக்க மாட்டேன் என்று டெஸ்ஸாவிடம் வாக்கும் வாங்கியிருந்தாள்.

அரங்கத்துக்குள் ஒரே இரைச்சல். பாட்டு ஒரு பக்கம், அறிவிப்பு ஒரு பக்கம். "ரோபோ வருது! வழி விடுங்க, ரோபோ!" என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் தள்ளுவண்டியோடு ஓடினார்கள். எல்லார் கண்ணிலும் பாதுகாப்புக் கண்ணாடி. ஆட்டம் இதுதான்: மூன்று ரோபோ இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம். பந்தைப் பொறுக்கி உயரத்தில் இருக்கும் தொட்டியில் எறிய வேண்டும். கடைசி நொடிகளில் நடுவிலிருக்கும் கம்பியில் தொற்றி ஏறித் தொங்க வேண்டும்.

டெனீஸ் படிக்கட்டு இருக்கையில், டெஸ்ஸாவின் அணியில் இருக்கும் மரிசோலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மரிசோலின் தாத்தா டெக்சாஸிலிருந்து பீட்ரூட் வயலுக்குக் களையெடுக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பேத்திக்கு வேலை வேறு: ஒவ்வொரு ரோபோவும் என்ன செய்கிறது, எங்கே சொதப்புகிறது என்று இரண்டு நாளாக வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே நீலச் சட்டை போட்ட ரஸ் நின்றான். நெஞ்சில் கோச் என்ற வட்டமான பேட்ஜ். அணிக்கு ஒன்றுதான்; அதைப் போட்டவர்தான் ஓட்டுகிறவர் பக்கத்தில் நிற்கலாம். கோடு தாண்டாமல் நின்றுகொண்டு, ரோபோவை ஓட்டும் ட்ரெவரின் காதில் கத்திக்கொண்டே இருந்தான்.

"பாரு, தொண்டை கிழியக் கத்துறான். வீட்டுல ஒரு வார்த்தை பேச மாட்டான்," என்றாள் டெனீஸ்.

"அவரு கத்துறதாலதான் ஆன்ட்டி அவங்க தோக்குறாங்க," என்றாள் மரிசோல். "ட்ரெவர் நல்லாத்தான் ஓட்டுறான். இவரு 'அந்தப் பந்து, இந்தப் பந்து'ன்னு அலைய விடுறாரு. கம்பிக்கு வந்து சேர நேரம் இருக்கிறதில்ல."

சொல்லி முடிக்கவில்லை, நாரைகளின் ரோபோ எதிராளி இடித்ததில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து குப்புற விழுந்தது. டெனீஸ் எழுந்து நின்று கைதட்டினாள். "அப்படிப் போடு!"

சுற்றியிருந்த வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார்.

மரிசோல் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி! இங்க விழுந்தா கைதட்ட மாட்டாங்க. உக்காருங்க, மானம் போகுது."

"போனா போகட்டும்டீ. எனக்கு இருந்த மானத்தையெல்லாம் ஒருத்தன் லாரில ஏத்திட்டுப் போயிட்டான்."

மதியம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் மரிசோலின் அம்மா அவித்துக் கொடுத்தனுப்பிய தமாலேக்களை டெனீஸ் சோள மட்டையை உரித்து அடுக்கினாள். மக்காச்சோள மாவுக்குள் கறி, ஆவி பறந்தது. டெஸ்ஸா கை நிறைய கிரீஸோடு வந்து உட்கார்ந்தாள். பதினேழு வயது. அப்பாவின் தாடை, அம்மாவின் கோபம். கூடவே ஜெட். மின்கம்பி வேலையெல்லாம் அவன் பொறுப்பு. போன வருஷம்வரை நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் திக்கித் திணறுவான். இன்று காலையில் நடுவர்களிடம் அணியைப் பற்றி நின்று நிதானமாகப் பேசியிருக்கிறான். திக்கியதாம், ஆனாலும் நிறுத்தவில்லையாம்.

"கோச் ஓடிப்போனதுல எனக்கு ஒரு லாபம் ஆன்ட்டி. பேச வேற ஆளில்ல, நான் பேசிட்டேன்," என்று சிரித்தான்.

அது உண்மைதான். பட்டறைச் சாவியை வைத்திருந்த அறிவியல் டீச்சருக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாது. கதவைத் திறந்துவிட்டு மூலையில் பரீட்சைத்தாள் திருத்துவார். பிள்ளைகள்தான் ஊரில் இருக்கிற ஒவ்வொரு வார்ப்புப் பட்டறையாகப் போன் செய்து, 'சார், உங்க இயந்திரத்தை ஒரு மணி நேரம் தர முடியுமா' என்று கேட்டார்கள். தெரியாத ஆள் வாசலில் மணியடித்தால் குளியலறைக்குள் ஒளிந்துகொள்கிற டெஸ்ஸா, ஒரு பட்டறை முதலாளியிடம் நின்று வாதாடி ஓரத்தில் கிடந்த தகடுகளை வாங்கிக்கொண்டு வந்தாள். இதெல்லாம் அப்பனும் மகளும் விளையாடுகிற பொம்மைச் சமாச்சாரம் என்றுதான் டெனீஸ் அதுவரை நினைத்திருந்தாள்.

மரிசோல் தமாலேயைக் கையில் வைத்துக்கொண்டு டெஸ்ஸாவைப் பார்த்தாள். "சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"என்ன சொல்லணும்?" என்றாள் டெனீஸ்.

டெஸ்ஸா தலை நிமிராமல் சொன்னாள். "அம்மா, நாங்க பந்து நல்லா எறியறோம். கம்பில ஏறத்தான் முடியல. ஏறத் தெரிஞ்ச ரோபோ ஒண்ணு கூட இல்லேன்னா ஃபைனல்ல அடி வாங்குவோம். இங்க ஜெயிக்கலேன்னா மாநிலப் போட்டி இல்ல. ஜெட்டுக்கும் மரிசோலுக்கும் இதுதான் கடைசி வருஷம்."

"சரி, ஏறுற ரோபோ எத்தனையோ இருக்குமே."

"நல்லா ஏறுறதெல்லாம் முதல் ரவுண்டுலயே போயிடும். கடைசி வரைக்கும் மிச்சம் இருக்கப்போறது ஒண்ணுதான்." மரிசோல் குரலைத் தாழ்த்தினாள். "நாரைங்க. ஏறுறதுல அவங்கதான் வேகம். நேரத்துக்குக் கம்பிக்கு வராததால யாரும் கவனிக்கல. நான் கவனிச்சேன்."

டெனீஸ் கையிலிருந்த மட்டையை மேசையில் அடித்தாள். "எங்கிட்ட என்னடீ சொன்னே? செத்தாலும் அவங்கள எடுக்க மாட்டேன்னு சொன்னியா இல்லியா? அந்தக் கொக்கிய எங்க வரைஞ்சான்? என் மேசையில! என் காபியக் குடிச்சிக்கிட்டு! அதப் போய் ஊர் முன்னாடி கையேந்தி வாங்கப் போறியா?"

"கையேந்தல."

"வேற என்ன பேரு அதுக்கு? எனக்குன்னு ஒண்ணு கேட்டேன் டெஸ்ஸா. இந்த மூணு மாசத்துல உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன்."

டெஸ்ஸா நிமிர்ந்தாள். "உனக்கு மட்டும்தான் எரியுதா? எனக்கு எரியலியா? அவரு போன அன்னிக்கு அந்தப் பட்டறையைக் கூட்டிப் பெருக்கினது நான். நான் பாத்துக்கறேன். நீ சாப்பிடு."

டெனீஸ் சாப்பிடவில்லை. தமாலேத் தட்டைத் தூக்கிக்கொண்டு, மற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சாக்கில், அணிகள் ரோபோவைப் பழுதுபார்க்கிற கூடத்துக்கு டெஸ்ஸாவின் பின்னாலேயே போனாள். தேர்வுக்கு முன்னால் பிள்ளைகள் அணி அணியாகப் போய், 'கூப்பிட்டா வருவீங்களா' என்று பேசி வைத்துக்கொள்வது வழக்கம். பெரியவர்கள் அதில் தலையிட மாட்டார்கள். டெஸ்ஸா ட்ரெவரை பேட்டரி அடுக்குக்குப் பக்கத்தில் வரச்சொல்லியிருந்தாள். நெட்டையான பையன், முகமெல்லாம் பரு. டெனீஸைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தான்.

"ஹலோ ஆன்ட்டி," என்றான் மெதுவாக.

டெனீஸ் தட்டை நீட்டினாள். பசித்த பிள்ளையின் மேல் என்ன விரோதம். அவன் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

"உங்கள எடுக்கலாம்னு இருக்கோம்," என்றாள் டெஸ்ஸா. "ரெண்டாவது ரவுண்டுல. ஆனா ஒரு நிபந்தனை."

"என்ன?"

"உங்க கோச் உள்ள வரக் கூடாது. பேட்ஜை உங்கள்ல ஒரு ஸ்டூடண்ட் போட்டுக்கணும்."

ட்ரெவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். "வெளயாடாத டெஸ்ஸா."

"வெளயாடல. எங்க கூட்டணிக்குக் குரல் ஒண்ணுதான். அது என்னோடது. ரெண்டு பேரு கத்தினா நீ யார் பேச்சக் கேப்ப? காலைல ஆறு தடவ கம்பிக்கு லேட்டா வந்தே. நீ லேட்டா, அவரு லேட்டாக்கினாரா? நீயே சொல்லு."

அவன் காலால் தரையைத் தேய்த்தான். "அவரு எங்க வீட்டுலதான் சாப்பிடுறாரு. நாளைக்குக் காலைல அவரு மூஞ்சில நான் முழிக்கணும்."

"நான் பதினேழு வருஷம் முழிச்சேன். பழகிடும்," என்றாள் டெஸ்ஸா. "உன் டீம்ல கேளு. ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுங்க. வரலேன்னா கோபமில்ல, வேற அணியக் கூப்பிடறோம்."

குரல் உயரவேயில்லை. பட்டறை முதலாளியிடம் தகடு கேட்டபோதும் இப்படித்தான் பேசியிருப்பாள் என்று டெனீஸுக்குத் தோன்றியது. உள்ளுக்குள் ஒரு குதி குதித்தது மனசு. கூடவே லேசாக ஒரு பயமும் வந்தது. நம்ம பிள்ளைதானா இது?

கொஞ்ச நேரத்தில் ட்ரெவர் திரும்பி வந்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஓடினான்.

தேர்வு ஆரம்பித்தது. தலைவர்கள் வரிசையாக நின்றார்கள். டெஸ்ஸா முதலில் பந்து எறிவதில் கெட்டிக்கார அணி ஒன்றைக் கூப்பிட்டாள். பெயர்கள் ஒவ்வொன்றாய்ப் போயின. ரஸ் மைதானத்து ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். முதல் ரவுண்டு முடிந்தது. கட்டிய கையை அவிழ்த்துப் பின்கழுத்தைத் தேய்த்தான். இரண்டாவது ரவுண்டு கடைசித் தலைவரிடமிருந்து மேலே ஏறி வந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் அவன் தலை நிமிர்ந்து, பிறகு தாழ்ந்தது. டெனீஸ் ஒவ்வொன்றையும் ரசித்துப் பார்த்தாள். கோயிலில் முட்டி போட்டபோதுகூட இவ்வளவு பக்தியாக அவள் எதையும் பார்த்ததில்லை.

டெஸ்ஸாவின் முறை வந்தது. மைக்கை வாங்கிக்கொண்டாள். "கிழங்குப் படை, இரும்பு நாரைகளை மரியாதையோடு அழைக்கிறது."

ட்ரெவர் ஓடிவந்து, "மரியாதையோடு ஏத்துக்கறோம்," என்றான்.

ரஸ் இரண்டு கையையும் மேலே வீசிக் குதித்தான். மகள் தன்னை மறக்கவில்லை, தன் ரத்தம் தன்னைக் கூப்பிட்டுவிட்டது என்று அந்த முகம் பூரித்துப் போயிருந்தது. ட்ரெவர் அவனிடம் போய்ப் பேசினான். ரஸ் சிரித்தான். ட்ரெவர் மறுபடி பேசினான். நீலச் சட்டைக்காரப் பிள்ளைகள் எல்லாரும் வந்து ட்ரெவருக்குப் பின்னால் நின்றார்கள். ரஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அப்புறம் நெஞ்சிலிருந்த பேட்ஜைக் கழற்றினான். கொக்கி சட்டையில் மாட்டிக்கொண்டதால் கொஞ்ச நேரம் பிடித்தது.

நேரே டெனீஸ் இருந்த படிக்கட்டுக்குத்தான் ஏறி வந்தான்.

"இது உன் வேலையா?"

"என் வேலையா இருந்திருந்தா உன்ன எடுத்தே இருக்க மாட்டா."

"நான் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்லிக் குடுத்திருக்கேன் தெரியுமா? ஸ்பானர் பிடிக்கவே நான்தான்..."

"ஆமா, நல்லா சொல்லிக் குடுத்தே. பாதில எப்படிப் போறதுங்கிறதையும் சேத்துதான் சொல்லிக் குடுத்தே. இப்ப போட்டி பாரு. நகரு, மறைக்குது."

அவன் இரண்டு வரிசை கீழே போய் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை டெனீஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தாள். கிழங்குப் படையும் இன்னொரு அணியும் பந்துகளை எறிந்து குவிக்க, நாரைகள் முன்கூட்டியே கம்பிக்கு வந்து ஏறின. ஒவ்வொரு சுற்றாய்த் தாண்டி ஃபைனலுக்கு வந்தார்கள். ஃபைனலில் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்தார்கள். மூன்றாவதுதான் தீர்ப்பு.

கடைசி நொடிகள். புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. நாரைகளின் கொக்கி கம்பியைக் கோணலாகப் பிடித்துச் சிக்கிக்கொண்டது. ட்ரெவர் பழக்கதோஷத்தில் ரஸ் வழக்கமாக நிற்கும் பக்கம் தலையைத் திருப்பினான். அங்கே டெஸ்ஸா நின்றாள்.

"ஏத்து! அப்படியே மேல ஏத்துடா!" என்று ரஸ் இருக்கை மேல் ஏறி நின்று அலறினான்.

"இறக்கு," என்றாள் டெஸ்ஸா. அரங்க இரைச்சலில் டெனீஸுக்கு அது கேட்கவில்லை. கை கீழ்நோக்கி அசைந்ததைத்தான் பார்த்தாள். ட்ரெவர் கொக்கியை இறக்கி, நேராக்கி, மறுபடி ஏற்றினான். ரோபோ தரையை விட்டு எழும்பியது. மணி அடித்தபோது அது கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ரஸ் சொன்னபடி ஏற்றியிருந்தால் கொக்கியே முறிந்திருக்கும் என்றாள் மரிசோல்.

பலகையில் புள்ளிகள் வந்தன: கிழங்குப் படைக் கூட்டணிக்கு வெற்றி. மரிசோல் டெனீஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். டெனீஸும் அழுதாள். அழுகைக்கு நடுவில் கீழே பார்த்தால், ரஸ் பக்கத்திலிருந்தவர்களின் தோளைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். "அது என் பொண்ணு! அதோ, ஒத்தச் சடை போட்டிருக்காளே, என் பொண்ணு! நான் கத்துக்குடுத்தது!"

டெனீஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்டனை கொடுத்தால் அதையும் விருதாக எடுத்துக் குத்திக்கொள்கிறானே பாவி! இவனுக்கு எங்கேதான் வலிக்கும்?

அதற்குள் ரஸ் படிகளில் தடதடவென்று இறங்கி மைதானக் கம்பித் தடுப்புக்குப் போய்விட்டான். போட்டி முடிந்தால் ஜெயித்த பிள்ளைகள் நடுவர்கள், தொண்டர்கள், தோற்ற அணியின் கோச்சுகள் என்று ஓரமாய் நிற்கிற எல்லாருக்கும் வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டே போவார்கள். யாரையும் விட்டுவிடக் கூடாது என்பது அங்கே பழக்கம். அந்த வரிசையின் முடிவில் ரஸ் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றான்.

டெஸ்ஸா கைகொடுத்துக்கொண்டே வந்தாள். நடுவருக்கு ஒரு கை, கடிகாரம் பார்த்தவருக்கு ஒரு கை, தரை துடைத்த அம்மாளுக்கு ஒரு கை. எல்லாருக்கும் அதே சிரிப்பு, அதே வார்த்தை. ரஸ்ஸின் முன்னால் வந்தாள். விரிந்திருந்த கைகளுக்கு நடுவே தன் வலது கையை நீட்டினாள். அவன் ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்துவிட்டு, ஒரு கையைத் தாழ்த்தி அதைப் பிடித்தான்.

"ரொம்ப நன்றி, சார்," என்றாள் டெஸ்ஸா. ஒரு குலுக்கு. கையை எடுத்துக்கொண்டாள். நகர்ந்துவிட்டாள்.

"டெஸ்..." என்றான் அவன்.

அவள் இடத்தில் ஜெட் நின்றான். "ந... நன்றி, சார்." அவனுக்குப் பின்னால் அடுத்த பிள்ளை. அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஜனவரிவரை அவனை ரஸ் ரஸ் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் தோளில் தொங்கி, அவன் வாங்கி வந்த டோனட்டுக்கு அடித்துக்கொண்ட பிள்ளைகள். ஒருத்தர் முகத்திலும் கோபமில்லை. ஒருத்தரும் அவசரப்படவில்லை. நன்றி, சார். நன்றி, சார். ரஸ்ஸால் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை; ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மரிசோலும் ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்டாள். முதலில் சிரித்த வாயோடு நின்றவனுக்கு, பாதி வரிசையில் வாய் கோணிக்கொண்டது. அதற்குப் பிறகு அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நீட்டுகிற கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதைத்தானே கேட்டோம், இதைவிட எதைக் கேட்டோம் என்று டெனீஸுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்காவது வாய் தவறி ரஸ் என்று வந்துவிடாதா என்றும் ஒரு நொடி தோன்றியது. வரவில்லை.

அவள் கையை ஜீன்ஸில் நன்றாகத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய், வரிசையின் கடைசியில் நின்றாள்.